அமெரிக்காவில் அரசு முடங்கினால் விதிகள் என்ன ஆகும்?

"அமெரிக்காவில் ஷட்டவுன் என்கிறார்களே, அப்போது கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகளெல்லாம் என்ன ஆகும்? கேட்க ஆளில்லை என்று அவரவர் இஷ்டத்துக்கு நடக்கலாமா? வரவிருக்கும் புதிய விதிகள் அப்படியே நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஷட்டவுனில் நிற்பது சட்டமா, சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஆளா? ஆள்தான். விதிகள் ஒரு நாள்கூட நிற்பதில்லை. ஆனால் ஆள் இல்லாத விதி சிலருக்குக் கொண்டாட்டமாகவும் சிலருக்குத் திண்டாட்டமாகவும் முடிகிறது. யாருக்கு எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வுக்கு மருந்து விண்ணப்பங்களைத் தயாரித்து அனுப்பும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். 2013, 2018-19, 2025 என்று மூன்று பெரிய ஷட்டவுன்களை இந்த நாற்காலியில் இருந்தே பார்த்திருக்கிறேன். வக்கீல் அல்ல. மருந்து, உணவு பற்றிச் சொல்வது கைப்பட்ட அனுபவம். சுற்றுச்சூழல், பங்குச்சந்தை, விசா பற்றிச் சொல்வது படித்தும், அந்தத் துறை நண்பர்களோடு பேசியும் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஷட்டவுன் ஏன் வருகிறது என்பதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்காமல் கஜானாவில் இருந்து ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், அல்லது பழைய அளவிலேயே செலவு செய்துகொள்ளத் தற்காலிகத் தீர்மானமாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பணமில்லாத துறை வேலை செய்யக் கூடாது. "சம்பளம் வேண்டாம், சும்மா வந்து வேலை பார்க்கிறேன்" என்று ஊழியர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. இந்தத் தடை 1884-லேயே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நூறு வருடம் அதை யாரும் கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. பணம் தாமதமானால் செலவைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு அலுவலகத்தை நடத்தினார்கள். 1980-ல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டம் சொல்வதை அப்படியே படித்தால் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்று கருத்து எழுதினார். அந்த வருடம் மே 1 அன்று ஃபெடரல் டிரேடு கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. இன்று நாம் பார்க்கும் ஷட்டவுன் அங்கே பிறந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், முதலில் மூடப்பட்டதே ஓர் ஒழுங்குமுறை அமைப்பு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் வேலை செய்யலாம். 1990-ல் காங்கிரஸ் அதையும் இறுக்கிவிட்டது. நிறுத்தினால் உடனடியாக ஆபத்து வரும் என்றால் மட்டுமே இந்தச் சலுகை, வழக்கமான அன்றாட வேலைக்குக் கிடையாது. "உடனடி" என்ற அந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்குமுறை வேலையில் பெரும்பகுதி உடனடி ஆபத்தைத் தடுப்பது அல்ல. ஆறு மாதம் கழித்து வரப்போகும் ஆபத்தை இன்றைக்கே தடுப்பது. அந்த வேலை இந்த வரையறைக்குள் வராது.

இப்போது உங்கள் நடுக் கேள்வி. கேட்க ஆளில்லையென்றால் இஷ்டத்துக்கு நடக்கலாமா? இதில் சந்தேகமே இல்லை, கூடாது. விதித் தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு விதியும் ஷட்டவுன் நாட்களிலும் செல்லும். அறிக்கை தாக்கல் செய்யும் தேதி, கழிவுநீரின் அளவு, மருந்துத் தொழிற்சாலையின் சுத்தம் எதுவும் தள்ளிப்போகாது. சட்டமே ஒரு தேதியைக் குறித்திருந்தால் ஷட்டவுனைக் காட்டி அது தானாக நகராது. அபராதம் கோரி வழக்குப் போட மத்திய அரசுக்குப் பொதுவாக 5 வருட அவகாசம் இருக்கிறது. இந்த மாதம் ஆற்றில் எதையாவது திறந்துவிட்டு, ஆய்வாளர் லீவில் இருந்தார் என்று மூன்று வருடம் கழித்துச் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. பெரிய அனல்மின் நிலையங்களின் புகைபோக்கியில் இருக்கும் கருவி, ஊழியர் வீட்டில் இருந்தாலும் அளந்து பதிவு செய்துகொண்டேதான் இருக்கும். இன்னொன்று, காற்று, நீர் தொடர்பான மத்தியச் சட்டங்களை நேரில் அமல்படுத்தும் வேலையில் பெரும்பகுதி மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. வாஷிங்டன் மூடினாலும் டெக்ஸாஸோ ஓஹையோவோ மூடுவதில்லை. ஆனாலும் காகிதத்தில் இருப்பது ஒன்று, நடைமுறை வேறொன்று என்பதை மறுக்க மாட்டேன். வண்டி ஓட்டுபவர் போலீஸ்காரர் நிற்கும் மூலையில் மட்டும் ஹெல்மெட் மாட்டுவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு? என் அனுபவத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அந்த விதி முன்கூட்டியே அனுமதி கேட்கிறதா, அல்லது நடந்த பின் வந்து சோதிக்கிறதா? முன் அனுமதி கேட்கும் விதியென்றால், ஆள் இல்லாதபோது தொழில் நின்றுபோகும். பின் சோதனை விதியென்றால், ஆள் இல்லாதபோது தொழில் நடக்கும், சோதனைதான் நிற்கும். ஷட்டவுனை "கம்பெனிகளுக்கு விடுமுறை" என்று சொல்பவர்கள் இரண்டாவது வகையை மட்டும் பார்க்கிறார்கள்.

முதல் வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பீர். அமெரிக்காவில் மாநிலம் தாண்டி விற்கும் பீரின் லேபிளுக்குக் கருவூலத் துறையின் கீழ் இருக்கும் மது, புகையிலை வரி அமைப்பு ஒப்புதல் தர வேண்டும். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நடந்த ஷட்டவுனில் அந்த அமைப்பு மூடிக் கிடந்தது. பெரிய கம்பெனிகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. அவர்களுடைய லேபிள்கள் ஒப்புதல் வாங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒரு புது ருசி என்று பிழைக்கும் சின்ன மதுவடிப்பாளர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வாஷிங்டனில் ஒரு சின்ன ஆலையில் ஆப்ரிகாட் பழம் போட்ட பீர் தொட்டியில் தயாராக இருந்தது. லேபிளுக்கு ஒப்புதல் தர ஆள் இல்லை. பீர் ஊறுகாய் அல்லவே, வைத்திருந்தால் வீணாகும். அவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். லேபிள் என்பது பேச்சு, பேச்சுரிமையை அரசு பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். தீர்ப்பு வருவதற்குள் ஷட்டவுன் முடிந்துவிட்டது. கவனியுங்கள், அந்த 35 நாளும் பீருக்கான கலால் வரியைக் கட்ட வேண்டிய கெடு மட்டும் மாறவில்லை.

என் துறையும் முன் அனுமதி வகைதான். அமெரிக்காவில் விற்கும் ஜெனரிக் மருந்துகளில் பெரும்பங்கு இந்தியத் தொழிற்சாலைகளில் இருந்து போகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் எஃப்டிஏ-விடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஒப்புதல் வாங்க வேண்டும். ஷட்டவுன் நாட்களில் புதிய கட்டணத்தை வாங்க எஃப்டிஏ-வுக்கு அதிகாரம் கிடையாது. கட்டணம் வாங்க முடியாதென்றால், கட்டணம் தேவைப்படும் புதிய விண்ணப்பத்தையும் ஏற்க முடியாது. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட விண்ணப்பங்களை மட்டும், முன்பு வசூலான கட்டணத்தில் மிச்சம் இருக்கும்வரை பரிசீலித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் செப்டம்பர் 30 என்பது எங்களுக்கு ஒரு விசித்திரமான இரவு. வாஷிங்டனில் நள்ளிரவு அடிக்கும்போது சென்னையில் மறுநாள் காலை ஒன்பதரை மணி. 2013-ல் அந்த இரவு ஆறு பேர் தூங்காமல் இருந்தோம். ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஒவ்வொரு இணைப்பும் சரியான பக்கத்தைத் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு நிலைத்தன்மை ஆய்வு அட்டவணையில் பேட்ச் எண் மாறியிருப்பதை ஒரு பெண் கண்டுபிடித்தார். திருத்தி, மறுபடி தொகுத்து, ஏற்றி முடித்தோம். உள்ளே போனது. வாடிக்கையாளரின் இன்னொரு விண்ணப்பத்துக்குப் பணம் போய்ச் சேர ஒரு நாள் தாமதமாகிவிட்டது. அது வெளியே நின்றது. 16 நாள் ஷட்டவுன்தான், ஆனால் முடிந்த பின் வரிசையில் அதற்கு முன்னால் யார் யாரோ வந்து நின்றுகொண்டார்கள். ஜெனரிக் தொழிலில் வரிசையில் முதலிடம் என்றால் பணம். எவ்வளவு பணம் என்பதை அந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் என்னிடம் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது வகைக்கு வருவோம். உணவில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1906-ல் இருந்து அமெரிக்காவில் இறைச்சிக்கு ஆய்வு முத்திரை கட்டாயம். விவசாயத் துறை ஆய்வாளர் இல்லாமல் அறுப்புக்கூடம் இயங்கவே கூடாது. ஆய்வாளரை வீட்டுக்கு அனுப்பினால் நாட்டில் இறைச்சியே கிடைக்காது. அதனால் அவர்கள் சம்பளம் வராவிட்டாலும் வேலைக்கு வந்தாக வேண்டும், வருகிறார்கள். கீரை, பாலாடைக்கட்டி, மீன் இவையெல்லாம் எஃப்டிஏ-வின் கீழ். அங்கே ஆய்வாளர் எப்போதாவது வந்து பார்ப்பார், வராவிட்டாலும் தொழிற்சாலை ஓடும். 2019 ஜனவரியில் எஃப்டிஏ-வின் தலைவராக இருந்த ஸ்காட் காட்லீப், உள்நாட்டு உணவுத் தொழிற்சாலைகளின் வழக்கமான சோதனை நின்றுவிட்டதாக வெளிப்படையாகவே சொன்னார். சாதாரணமாக வாரத்துக்கு சுமார் 160 சோதனைகள் நடக்கும். பிறகு ஏறக்குறைய 150 ஆய்வாளர்களைச் சம்பளமில்லாமல் திரும்ப அழைத்து, மென்மையான பாலாடைக்கட்டி, கடல் உணவு, குழந்தைகளுக்கான பால்பவுடர் போன்ற ஆபத்து அதிகமான இடங்களை மட்டும் பார்க்கச் சொன்னார். மற்றவை காத்திருந்தன. அந்த நாட்களில் யாருக்காவது வயிறு கெட்டதா, அதற்கு இதுதான் காரணமா என்றால், அதை நிரூபிக்க வழியில்லை. நடக்காமல் போன சோதனை எதைக் கண்டுபிடித்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லா ஒழுங்குமுறை அமைப்பும் ஒரே மாதிரி முடங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பையில் இருந்து சம்பளம் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும், வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி-யும் காங்கிரஸின் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பி இல்லை. வங்கிகளைச் சோதிக்கும் அதிகாரிகள் ஷட்டவுனிலும் வழக்கம்போல் வந்து நிற்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் கையில் இருந்த மிச்சப் பணத்தை வைத்து ஒன்பது நாள் ஓட்டியது. அதன் பின் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது, அணுமின் நிலையங்களிலேயே தங்கிக் கண்காணிக்கும் ஆய்வாளர்களை மட்டும் அனுப்பவில்லை. சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ 2018-ல் டிசம்பர் 28 வரை தாக்குப்பிடித்தது. தொலைக்காட்சியில் "அமெரிக்க அரசு மூடியது" என்று சொல்லும்போது ஒரே ஸ்விட்சை அணைத்ததுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு அறையாக, வெவ்வேறு நேரத்தில் விளக்கு அணைகிறது.

இது நம்மூர்க் குடும்பங்களைத் தொட்ட இடம் எச்-1பி விசா. குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ், விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில் ஓடுவது, அதனால் மூடுவதில்லை. ஆனால் எச்-1பி மனு போடும் முன் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற சம்பளச் சான்றிதழ் வாங்க வேண்டும். தொழிலாளர் துறை ஓடுவது காங்கிரஸ் பணத்தில். 2018-19-ல் அந்தத் துறைக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருந்ததால் 35 நாளும் எந்தச் சிக்கலும் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, அதுவரை இல்லாத அளவுக்கு 43 நாள் நீண்ட ஷட்டவுனில், அந்த இணையதளமே அணைந்துபோனது. அக்டோபர் 31 வாக்கில்தான் திரும்ப வந்தது. வேலை போனவருக்கு வேறு கம்பெனி தேடி மனு போட 60 நாள்தான் அவகாசம். என் அத்தை மகனுக்குப் புது வேலை கையில் இருந்தது, எல்சிஏ மட்டும் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. மனுவை வாங்கும் அலுவலகம் திறந்திருக்கிறது, மனுவோடு வைக்க வேண்டிய காகிதத்தைத் தரும் அலுவலகம் பூட்டியிருக்கிறது. தாசில்தார் ஆபீஸ் வாசலில் விஏஓ கையெழுத்துக்காக நின்ற யாருக்கும் இந்தத் தவிப்பு புரியும். ஷட்டவுனால் தாமதமான மனுக்களை அசாதாரணச் சூழ்நிலை என்று கருதுவோம் என்று யுஎஸ்சிஐஎஸ் சொன்னது உண்மைதான். ஆனால் அதை வைத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாதே.

சரி, புதிய விதிகள் நிற்குமா என்ற கடைசிக் கேள்வி. பெரும்பாலும் நிற்கும், ஏன் என்பதுதான் சுவாரசியம். 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி ஒரு விதி பிறக்க ஒரு வரிசை இருக்கிறது. முன்வரைவை ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாளோ 60 நாளோ தர வேண்டும். வந்த கருத்துகளுக்குப் பதில் சொல்லி இறுதி விதியை மறுபடி அரசிதழில் வெளியிட வேண்டும். வெளியிட்ட பிறகும் பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். முக்கியமான விதிகளை வெள்ளை மாளிகையின் ஒய்ரா என்ற சின்ன அலுவலகம் முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும். அந்த அலுவலகத்தில் பெரும்பாலோர் ஷட்டவுனில் வீட்டில் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசிதழ் அலுவலகமே ஷட்டவுனில் மாட்டும். உயிர், சொத்து ஆபத்து தொடர்பான அறிவிப்பு என்று அனுப்பும் துறை எழுதித் தந்தால்தான் அச்சில் ஏறும். பணமுள்ள துறைகளின் அறிவிப்புகளுக்கும் 2019-ல் நிபந்தனை இருந்தது: தாமதமானால் அந்தத் துறையின் வேலை கெடும் என்று காட்ட வேண்டும். 2019 ஜனவரியில் அந்த இதழைத் தினமும் திறந்து பார்த்தவன் நான். வழக்கமாகச் செங்கல் கனத்தில் இருக்கும் இதழ் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு இளைத்திருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஷட்டவுன் விதிகளைக் கூட்டுவதை மட்டும் தடுப்பதில்லை, குறைப்பதையும் அதே அளவு தடுக்கிறது. ஒரு விதியை நீக்கவும் அதே வரிசைதான். 2018 டிசம்பர் இறுதியில், அனல்மின் நிலையங்களின் பாதரசக் கட்டுப்பாட்டுக்கு அடித்தளமான முடிவைத் திரும்பப் பெறும் முன்வரைவில் ஈபிஏ கையெழுத்திட்டது. அரசிதழில் அது வந்தது 2019 பிப்ரவரி 7 அன்று. எந்த நீர்நிலைகள் மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் என்பதைச் சுருக்கும் முன்வரைவு டிசம்பர் 11 அன்று ஆரவாரமாக அறிவிக்கப்பட்டது, அச்சில் வந்தது பிப்ரவரி 14. கருத்துச் சொல்லும் காலம் அச்சேறிய நாளில் இருந்துதான் தொடங்கும் என்பதால் மொத்த அட்டவணையும் சரிந்தது. ஜனவரியில் கன்ஸாஸ் சிட்டியில் நடக்கவிருந்த பொது விசாரணையும் பிப்ரவரி கடைசிக்குப் போனது. விதிகளைக் குறைப்பேன் என்று சொல்லி வந்த அரசின் திட்டங்களே அந்த அரசின் ஷட்டவுனில் மாட்டிக்கொண்டன.

ஷட்டவுனுக்கு முன்பே கருத்துக் கேட்கத் தொடங்கிவிட்ட விதியென்றால் இன்னொரு சிக்கல். கடைசித் தேதி தானாக நீளாது. கருத்தை அனுப்பும் இணையதளம் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும், அனுப்பலாம். ஆனால் முன்வரைவில் ஒரு எண் புரியவில்லை, அதன் பின்னால் இருக்கும் தரவு வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. "தொடர்புக்கு" என்று போட்டிருக்கும் எண்ணில் பதிவுசெய்த குரல்தான் பேசும். அதனால் நான் சொல்லும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான். நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள், பழைய தேதிக்கே அனுப்பிவிடுங்கள். நீட்டித்தால் இன்னொன்று சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம்.

விதிகளை எதிர்த்து நடக்கும் வழக்குகளில், அரசுக்காக வாதாடும் நீதி அமைச்சக வக்கீல்கள் வேலை செய்ய முடியாதென்று வாய்தா கேட்பது வழக்கம். கீழ் நீதிமன்றங்கள் பல கொடுக்கும். ஆனால் ஒழுங்குமுறை வழக்குகள் அதிகம் வரும் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜனவரியில் மறுத்தது. எல்லா இணையதளங்களையும் இணையச் சேவை கம்பெனிகள் சமமாக நடத்த வேண்டுமா என்ற இணையச் சமநிலை வழக்கில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி கேட்ட வாய்தாவையும் மறுத்து, குறித்த நாளான பிப்ரவரி 1 அன்றே வாதம் கேட்டது.

பங்குச்சந்தை விஷயம் சின்ன அத்தியாயம்தான், ஆனால் சட்டத்தில் இருக்கும் பின்கதவுக்கு நல்ல உதாரணம். புதிதாகப் பங்கு வெளியிடும் கம்பெனியின் ஆவணத்தைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் விற்பனை என்பது நடைமுறை. ஆனால் 1933-ஆம் வருடச் சட்டத்தை அப்படியே படித்தால், தாக்கல் செய்த 20-ஆம் நாள் அது தானாகவே அமலாகிவிடும். கம்பெனிகள் வழக்கமாக "எஸ்இசி சொல்லும்வரை காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வதால்தான் இந்த 20 நாள் ஓடுவதில்லை. ஷட்டவுனில் அந்த வரியை எடுத்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும். 2025 அக்டோபரில் சிலர் அந்த வழியில் சந்தைக்கு வந்தார்கள். முன் அனுமதி விதி அப்போது சத்தமில்லாமல் பின் சோதனை விதியாக மாறிவிடுகிறது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி வருவது தெளிவற்ற பகுதி. "எது அவசரம்" என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்தந்தத் துறைதான், அதாவது ஆட்சியில் இருப்பவர்தான். 2019 ஜனவரியில், அரசு நிலங்களையும் பூங்காக்களையும் பார்த்துக்கொள்ளும் இன்டீரியர் துறை (நம்மூர் உள்துறை போன்றது அல்ல) கடலோர எண்ணெய் குத்தகைத் திட்டத்துக்கான ஊழியர்களை மிச்சப் பணத்தை வைத்துத் திரும்ப அழைத்தது. தேசியப் பூங்காக்களைத் திறந்து வைக்க நுழைவுக் கட்டணப் பணத்தையும் எடுத்தது. பூங்கா விஷயத்தில் சட்ட மீறல் என்று அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ சொன்னது, ஆனால் சொன்னது செப்டம்பரில். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆகவே ஷட்டவுன் எல்லா வேலையையும் ஒரே மாதிரி நிறுத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்ற தேர்வும் அதற்குள் இருக்கிறது. அந்தத் தேர்வு எங்கே சட்டம், எங்கே அரசியல் என்று கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது.

அதேபோல், "ஷட்டவுனால் உயிர்கள் போயின" என்ற பேச்சையும் கவனமாகக் கேளுங்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மென்பொருள் திருத்தம் 2019 ஷட்டவுனால் ஐந்து வாரம் தாமதமானது என்று மார்ச்சில் நடந்த எத்தியோப்பிய விபத்துக்குப் பிறகு செய்தி வந்தது. அது பாதுகாப்பு வேலை, நிற்கவில்லை என்று விமானத் துறை தரப்பு சொன்னது. திருத்தம் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. இதைத் தீர்ந்த உண்மைபோல் பரப்புகிறவர்களை நான் பின்தொடர்வதில்லை.

கதவு திறந்த மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 43 நாள் மூடியிருந்தால் 43 நாள் தாமதம் என்று கணக்குப் போட முடியாது. திரும்பி வரும் அதிகாரி முதல் இரண்டு நாள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் சரிசெய்வார். அப்புறம் குவிந்த விண்ணப்பங்களை வரிசைப்படுத்துவார். வெளிநாட்டுத் தொழிற்சாலைச் சோதனைக்குப் போட்டிருந்த பயணத் தேதிகள் மாறும், விசா மறுபடி எடுக்க வேண்டும், தொழிற்சாலைக்காரர் மறுபடி தயாராக வேண்டும். அனுபவமுள்ள சிலர் இதற்குமேல் பொறுக்க முடியாதென்று தனியாருக்குப் போயிருப்பார்கள். 2019-ல் எங்கள் ஃபைலைப் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வாளர் அப்படிப் போய்விட்டார். மூன்று மாதம் அவர் கேட்டு, நாங்கள் பதில் சொல்லி முடித்த அதே பதினொரு கேள்விகளை, புதிதாக வந்தவர் ஏப்ரலில் முதலில் இருந்து கேட்டார். பழைய பதில்களையே தேதி மாற்றி அனுப்பினோம்.